மாதந்தோறும் அவர்களுக்கு வருவது எது?



பணத்தைக் குறித்துப் பிரசங்க பீடத்திலிருந்து நாங்கள் பேசுவது பெரும்பாலும் இரண்டே சமயங்களில். காணிக்கையை நினைப்பூட்டும்போது ஒன்று, பொருளாசையைக் கடிந்துகொள்ளும்போது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் நடுவே வீட்டுக்கு வீடு நடக்கிற கணக்குகள் ஏராளம் இருக்கின்றன. அவை ஆவிக்குரியவை அல்ல என்று நாங்களும் தொடுவதில்லை, நீங்களும் கேட்பதில்லை. ஆயினும் அடக்க ஆராதனை முடிந்து உறவினர் ஊர் திரும்பிய பின், துக்க வீட்டில் போதகர் கையில் கொடுக்கப்படுவது பல வேளைகளில் வங்கிப் புத்தகமே. "ஐயா, இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க."

வரும் மே மாத இறுதியில் நம் சபையில் ஆறு பேர் பணி ஓய்வு பெறுகிறார்கள். நால்வர் ஆசிரியர்கள், இருவர் பஞ்சாலையில் உழைத்தவர்கள். ஸ்தோத்திர ஆராதனைக்கு நாள் குறித்தாயிற்று. அவர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். அவர்களுடைய மனைவிமாரை இன்னும் அதிகமாக மனதில் வைத்து.

ஓய்வு பெறும் நாளில் என்ன நடக்கிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். மாலை, பொன்னாடை, பள்ளியிலிருந்து வீடு வரை உடன் வருகிற வாகனங்கள். சில மாதங்களுக்குள் பணிக்கொடையும், வருங்கால வைப்பு நிதியும், எடுக்காத விடுப்புக்கான பணமும் கணக்கில் வந்து சேர்கின்றன. வாழ்நாளில் அதுவரை காணாத தொகை. தொகை வருமுன்னே அதற்குரிய கோரிக்கைகள் வந்துவிடும். இளைய மகளின் திருமணம், மகனின் தொழில், மாடி எடுப்பது, மைத்துனனுக்குக் கைமாற்று. எல்லாமே நியாயமாகத்தான் தோன்றும். ஒவ்வொருவரும் கேட்பது பெரிய தொகையில் ஒரு பங்கு மட்டுமே என்பதால் மறுக்கவும் மனம் வராது. இரண்டு ஆண்டுகளில் மொத்தப் பணமும் பிறருடைய சுவர்களாகவும் நகைகளாகவும் முதலீடாகவும் மாறிவிடுகிறது. எவரும் திருடவில்லை. எல்லாம் அன்பினாலேயே நடந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் இப்படிப்பட்ட ஒரு வீட்டுத் தாயார் மஞ்சள் பை ஒன்றை எடுத்துக்கொண்டு குருமனைக்கு வந்தார். கணவர் மறைந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. பையில் இருந்தவற்றை மேசைமேல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தோம். முதிர்ந்து பணமும் எடுக்கப்பட்டுவிட்ட காப்பீட்டுப் பத்திரங்கள் மூன்று. ஒரு நண்பருக்குக் கொடுத்த கடனுக்கான பிராமிசரி நோட்டு, காலம் கடந்தது. வீட்டுப் பத்திரத்தின் நகல். அசல் வங்கியில் இருந்தது, மகனுடைய கடனுக்கு ஈடாக. மீதி ஒன்பதாயிரம் காட்டுகிற வங்கிப் புத்தகம். அந்த அம்மா எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஐயா, இதுல மாசாமாசம் எனக்கு வர்றது எது?"

அந்தக் கேள்விக்கு அந்தப் பையில் விடை இருக்கவில்லை. கணவர் சோம்பேறியுமல்லர், ஊதாரியுமல்லர். சபையின் பொருளாளராகப் பல ஆண்டுகள் இருந்து, ஒரு ரூபாய் பிசகாமல் கணக்கு ஒப்புவித்தவர். சொந்த வீட்டுக் கணக்கில் மட்டும் ஒரு வரியை எழுதாமல் போனார். தமக்குப் பின் தம் மனைவி எத்தனை ஆண்டுகள் இருப்பார் என்ற வரி அது.

பிரியமானவர்களே, அந்த வரியை இன்று எழுதிப் பார்ப்போம். கணவருக்கு வயது 60, மனைவிக்கு 54 என்று வைத்துக்கொள்ளுங்கள். கணவர் 78 வரை வாழ்கிறார். அன்று மனைவிக்கு வயது 72. அவர் 88 வரை வாழ்வாரானால், தனியே கழிக்க வேண்டியவை 16 ஆண்டுகள். அதாவது, ஓய்வூதியக் காலம் என்று கணவர் நினைத்தது 18 ஆண்டுகள். அந்த வீட்டுக்கு உண்மையில் தேவைப்பட்டதோ 34 ஆண்டுகள். நம் கல்லறைத் தோட்டத்தில் கணவன் மனைவி பெயர்கள் சேர்ந்து பொறிக்கப்பட்ட கற்களில் ஆண்டுகளைக் கழித்துப் பாருங்கள். நான் கழித்துப் பார்த்திருக்கிறேன். இந்த உதாரணம் மிகைப்படுத்தப்பட்டதன்று.

அந்த 16 ஆண்டுகளில் செலவு பாதியாகக் குறையும் என்று நினைப்பவர்கள் உண்டு. வரி, மின் கட்டணம், எரிவாயு, வீட்டுப் பழுது ஆகியவை ஆள் குறைந்ததால் குறைவதில்லை. மருந்துச் செலவு கூடும். வரவோ குறையும். பழைய ஓய்வூதிய முறையில் உள்ள அரசு ஊழியருக்குக் கடைசி ஊதியத்தில் பாதி ஓய்வூதியமாக வந்தால், அவருக்குப் பின் மனைவிக்கு வருகிற குடும்ப ஓய்வூதியம் சாதாரணமாக நூற்றுக்கு முப்பது என்ற கணக்கில்தான். தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1க்குப் பின் பணியில் சேர்ந்தவர்கள் அந்த முறையிலேயே சேர்க்கப்படவில்லை. பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் சேர்க்கப்பட்டார்கள். பஞ்சாலை போன்ற தனியார் நிறுவனங்களில் உழைத்தவர்களுக்கு 1995ஆம் ஆண்டுத் திட்டப்படி, 2014இல் நிர்ணயிக்கப்பட்ட குறைந்தபட்ச ஓய்வூதியம் மாதம் 1,000 ரூபாய். இதைக் கொண்டு எவரும் குடும்பம் நடத்த இயலாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

என் தகப்பனாரும் போதகர். நான் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போது, ஊழியத்தில் இருந்த நாளிலேயே அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். குருமனை ஊழியருக்கு உரியது; அடுத்த போதகர் நியமிக்கப்பட்டதும் நாங்கள் வெளியேற வேண்டும் என்பது முறை. அதில் எவர்மீதும் குற்றமில்லை. என் தாயார் பன்னிரண்டு ஆண்டுகளாகத் துடைத்த சன்னல்களை மூடிவிட்டு, அவருடைய சகோதரன் வீட்டுக்கு அடுத்த வாடகை அறைக்கு எங்களை அழைத்துச் சென்றார். சேமநிதிப் பணம் வந்து சேர நெடுங்காலம் ஆயிற்று. அந்தக் காலத்தில் அவருடைய பெயருக்கென்று வந்தது ஒன்றுதான். தாத்தா அவருக்குச் சீதனமாக எழுதிவைத்திருந்த சிறிய ஓட்டு வீட்டின் வாடகை, மாதம் நூற்றைம்பது ரூபாய்.

நூற்றைம்பது ரூபாயால் எங்கள் பசி தீர்ந்துவிடவில்லை. மாமாவின் உதவிதான் எங்களைக் காத்தது. ஆனாலும் வாடகை வருகிற ஐந்தாம் தேதியில் என் தாயாரின் குரலே வேறாயிருக்கும். அன்று அவர் யாரிடமும் கேளாமல் எனக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கித் தருவார். அந்த ஞாயிற்றுக்கிழமை காணிக்கைப் பையில் தாமே போடுவார், பிறர் கொடுத்ததை அல்ல. உதவி பெறுவதும் வருமானம் பெறுவதும் ஒன்றல்ல என்பதை நான் எந்தப் பொருளாதார நூலிலும் கற்கவில்லை.

இதைப் பற்றி வாசிக்கத் தொடங்கியபோது, என்னைப்போன்ற ஊழியர்களே இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள் என்று அறிந்து வியந்தேன். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிக்கு வித்திட்ட ஸ்காட்லாந்துச் சபையை நம்மில் பலர் அறிவோம். 18ஆம் நூற்றாண்டில் அங்கும் இதே நிலைமைதான். போதகர் இறந்தால் விதவைக்குக் கிடைப்பது அரை ஆண்டுச் சம்பளம். குருமனையைக் காலி செய்ய வேண்டும். எடின்பரோவைச் சேர்ந்த ராபர்ட் வாலஸ், அலெக்சாண்டர் வெப்ஸ்டர் என்னும் இரண்டு போதகர்கள் இதற்குத் தீர்வு தேடினார்கள். (வெப்ஸ்டர் திராட்சரசம் அருந்துவதில் பெயர்பெற்றவர். அதை நான் பரிந்துரைக்கவில்லை.) மரித்தவர்களின் குடும்பங்களுக்குக் காணிக்கை எடுப்பது அவர்களுக்குப் போதுமானதாகத் தோன்றவில்லை. எனவே அவர்கள் எண்ணத் தொடங்கினார்கள்.

ஸ்காட்லாந்தின் எல்லாச் சபை வட்டாரங்களிலிருந்தும் விவரம் திரட்டினார்கள். எந்த ஆண்டிலும் ஊழியத்தில் இருப்பவர்கள் சுமார் 930 பேர். ஆண்டுக்குச் சராசரியாக 27 பேர் மரிக்கிறார்கள். அவர்களில் 18 பேர் விதவைகளை விட்டுச் செல்கிறார்கள். எட்மண்ட் ஹாலி என்னும் வானியல் அறிஞர் முன்பே வெளியிட்டிருந்த ஆயுள் அட்டவணையை வைத்து, அந்த விதவைகள் எத்தனை ஆண்டு வாழ்வார்கள் என்று மதிப்பிட்டார்கள். எடின்பரோப் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் காலின் மெக்லாரின் கணக்கைச் சரிபார்த்தார். 1744இல் நிதி தொடங்கிற்று. ஒவ்வொரு போதகரும் தம்மால் இயன்ற நான்கு தரங்களில் ஒன்றைத் தெரிந்துகொண்டு ஆண்டுதோறும் செலுத்த வேண்டும். அதற்கேற்ப அவருடைய விதவைக்கு ஆண்டுக்கு 10, 15, 20 அல்லது 25 பவுண்டு, உயிருள்ளளவும். 1765இல் நிதியின் இருப்பு இவ்வளவு இருக்கும் என்று முன்கூட்டியே கணித்திருந்தார்கள். அந்த ஆண்டு வந்தபோது உண்மையான இருப்பு கணித்ததைவிட ஒரே ஒரு பவுண்டுதான் குறைந்திருந்ததாம்.

அந்த வியப்பைவிட என்னைத் தொட்டது வேறொன்று. அவர்கள் கணக்கிட்டது தங்கள் வாழ்நாளை அன்று. தங்கள் மனைவிமார் தங்களுக்குப் பின் வாழப்போகும் நாட்களை. கணக்கின் மையத்தில் அவள் இருந்தாள்.

"ஐயா, கர்த்தர் பார்த்துக்கொள்வார், நாம் கணக்குப் பார்ப்பது அவிசுவாசமல்லவா?" என்று நம் சபைப் பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டார். நல்ல விசுவாசி, கேள்வியும் மனதாரக் கேட்டதுதான். அவரிடம் இராஜாக்களின் இரண்டாம் புத்தகம் நான்காம் அதிகாரத்தைத் திறக்கச் சொன்னேன். அங்கே எலிசாவிடம் வந்து முறையிடுகிறவள் தீர்க்கதரிசிகளின் கூட்டத்தைச் சேர்ந்த ஒருவருடைய மனைவி. கணவன் தேவபயமுள்ளவன்; அதை அவளே சொல்லுகிறாள். ஆனாலும் கடன் வைத்துவிட்டு மரித்தான், கடன்காரன் பிள்ளைகளைக் கொண்டுபோக வந்து நிற்கிறான். தேவபயம் கடனைத் தள்ளுபடி செய்யவில்லை. எண்ணெய் பெருகிய அற்புதத்தை நாம் எல்லாரும் பிரசங்கித்திருக்கிறோம். அற்புதத்துக்குப் பின் எலிசா சொன்ன ஏற்பாட்டைத்தான் விட்டுவிடுகிறோம்: எண்ணெயை விற்பது, கடனை அடைப்பது, மிச்சத்தைக் கொண்டு அவளும் பிள்ளைகளும் பிழைப்பது. அந்த மூன்றாவது பகுதிக்குத்தான் இன்று ஓய்வூதியத் திட்டமிடல் என்று பெயர். ஆதித் திருச்சபையும் விதவைகளுக்கான அன்றாடப் பங்கீட்டில் குறை ஏற்பட்டபோது ஜெபித்துவிட்டு அமர்ந்திருக்கவில்லை. ஏழு பேரைப் பெயர் சொல்லி நியமித்தது. பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ அந்த எஸ்தர் பேர்ல என்ன இருக்குன்னு பார்க்கணும்" என்றார். எஸ்தர் அவருடைய மனைவி.

இனி, செய்ய வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். நான் நிதி ஆலோசகன் அல்லன். தகுதியுள்ளவர்களிடம் கேட்டுச் செய்யுங்கள். ஆயினும் சில கேள்விகளை நீங்கள் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும்.

தேசிய ஓய்வூதியத் திட்டத்திலோ காப்பீட்டு நிறுவனத்திலோ ஆயுள் முழுவதும் தொகை தருகிற ஆன்யுட்டி வாங்குகிறவர்களிடம் ஒரு படிவம் நீட்டப்படும். ஒரு கட்டத்தில் 'ஒருவர் ஆயுள்', மற்றொரு கட்டத்தில் 'கணவன் மனைவி இருவர் ஆயுள்' என்று இருக்கும். முதலாவதில் மாதத் தொகை சற்று அதிகம். அந்தச் சில நூறு ரூபாயைப் பார்த்து அங்கே கையெழுத்திடுகிறவர்கள் பலர். அது கணவரோடு நின்றுபோகிற தொகை. கையெழுத்திட்டபின் சாதாரணமாக மாற்ற இயலாது. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால், இந்தக் கட்டத்தை வையுங்கள்.

அஞ்சலகத்திலும் வங்கிகளிலும் உள்ள மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில், 60 வயதானவர் 30 லட்சம் வரை செலுத்தலாம். ஐந்து ஆண்டுத் திட்டம். வட்டி மூன்று மாதத்துக்கு ஒருமுறை. கூட்டாகத் திறப்பதானால் வாழ்க்கைத் துணையோடு மட்டுமே திறக்க முடியும். 2023 ஏப்ரலில் வட்டி 8.2 சதவீதமாக உயர்த்தப்பட்டது. அந்த விகிதத்தில் 20 லட்சத்துக்கு ஆண்டு வட்டி 1,64,000 ரூபாய், காலாண்டுக்கு 41,000. மகனுடைய தொழிலுக்கு அந்த 20 லட்சத்தைக் கொடுப்பதா என்று யோசிக்கும்போது, தாயின் காலாண்டு 41,000 ரூபாயைக் கொடுப்பதா என்று கேள்வியை மாற்றிக் கேட்டுப் பாருங்கள். விடை சில வேளைகளில் மாறும்.

ஆனால் வட்டி முழுவதையும் உண்டுவிடலாகாது. விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் 12 ஆண்டுகளில் செலவு இருமடங்காகும். நாம் முன்பு எண்ணிய 34 ஆண்டுகளில் ஏழு மடங்கைத் தாண்டும். இன்று மாதம் 20,000 ரூபாயில் நடக்கிற வீடு அன்று நடக்க ஏறக்குறைய 1,45,000 வேண்டும். ஆகையால் ஒரு பகுதி வளர விடப்பட வேண்டும். பத்தாண்டு தொடமாட்டோம் என்று உறுதியுள்ள பணத்தைப் பங்கு சார்ந்த மியூச்சுவல் ஃபண்டில் வைப்பதைப் பாவமென்று நான் கருதவில்லை. அது ஏறியிறங்கும் என்பதை அறிந்து வைக்க வேண்டும், அவ்வளவே. மாதம் நூற்றுக்கு இரண்டு மூன்று வட்டி தருவதாகச் சொல்லிக்கொண்டு ஆராதனை முடிந்து வாசலில் நிற்கிறவரிடம் வைப்பதைத்தான் அஞ்ச வேண்டும். அவர் நம் பாடகர் குழுவிலேயே இருந்தாலும் அஞ்ச வேண்டும். வங்கியில் வைப்பவருக்கு ஒரு வங்கிக்கு 5 லட்சம் வரை வைப்புக் காப்பீடு உண்டு. வாசலில் நிற்கிறவரிடம் அது கிடையாது.

வீட்டைக் குறித்தும் ஒரு சொல். உயில் எழுதாமல் மரிக்கிற கிறிஸ்தவருடைய சொத்து 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி பிரிகிறது. பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி இரண்டு பங்கு மகன் மகள் என்ற வேறுபாடின்றிப் பிள்ளைகளுக்கு. தாம் நாற்பது ஆண்டு குடியிருந்த வீட்டில் தாயார் மூன்றில் ஒரு பங்குக்காரி ஆகிவிடுகிறார் என்பது பலருக்குத் தெரியாது. 'நாமினி போட்டிருக்கிறேனே' என்பார்கள். பெரும்பாலான வைப்புகளில் நாமினி என்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்ளக் கூடியவர். அதனாலேயே முழு உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. உயில் எழுத முத்திரைத்தாள் வேண்டியதில்லை, பதிவும் கட்டாயமன்று. இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, அவர்களும் கையெழுத்திட்டால் போதும். பங்கு பெறுகிறவர்களைச் சாட்சியாக வைக்காதீர்கள்.

பிள்ளைகளே, இதை வாசித்து மனம் வருந்துகிறீர்களோ? அம்மாவை நாங்கள் பார்க்கமாட்டோமா என்று கேட்பீர்கள். பார்ப்பீர்கள் என்று நான் நம்புகிறேன். உங்களில் அநேகர் இப்போதும் பார்க்கிறீர்கள். தன் கையில் பணமுள்ள தாயைப் பார்த்துக்கொள்வது உங்களுக்கும் எளிது. உங்கள் மனைவியோடு நடக்கிற பாதிச் சண்டைகள் அதனாலேயே இல்லாமல் போகும். ஆகையால் தகப்பனாரிடம் பங்கு கேட்குமுன், "அம்மாவுக்கு என்னப்பா வச்சிருக்கீங்க?" என்று நீங்களே கேளுங்கள். அவர் வாயால் சொல்லத் தயங்குவதை அந்தக் கேள்வி எளிதாக்கும்.

ஓய்வு பெறப்போகிறவர்களும், ஏற்கெனவே ஓய்வு பெற்றவர்களும் வருகிற இரண்டாம் ஞாயிறு ஆராதனைக்குப் பின் சபை மண்டபத்தில் சற்று நேரம் தங்குங்கள். வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற நம் சபைச் சகோதரர் இருவர் உடனிருப்பார்கள். எதையும் விற்கமாட்டார்கள், அதற்கு நான் பொறுப்பு. ஒரு தாளில் மூன்று வரி எழுதிக்கொண்டு வாருங்கள்: இன்று மாதம் வீட்டுக்கு வருவது, கணவருக்குப் பின் வருவது, மனைவிக்குப் பின் வருவது. காகிதங்கள் எல்லாவற்றையும் எடுத்து வாருங்கள். கணவன் மனைவி இருவருமாக வர வேண்டும். தனியே வருகிற ஆண்களை அன்போடு திருப்பி அனுப்புவேன். எழுத்து சிறியதாயிருக்கும், அம்மாமார் மூக்குக் கண்ணாடியை மறவாமல் கொண்டு வாருங்கள்.